கேள்வி பதில்: வேற்றுக்கிரகத்தான் ஆளும் ஊரில் ஒரு குடும்பம்

போன இதழில் 'காலனி' என்ற அமெரிக்க டிவி தொடரைப் பற்றி நாலு வரிதான் எழுதினேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாதி "எங்கே பார்ப்பது?" ரகம், அதை ஒதுக்கிவிட்டேன். மீதியில் சில இங்கே. கதையின் முடிச்சுகளை ஆங்காங்கே அவிழ்த்திருக்கிறேன், பார்த்துவிட்டுத்தான் படிப்பேன் என்பவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடலாம்.

வாசகி, கோயம்புத்தூர்: விண்வெளி, துப்பாக்கி என்றாலே எனக்குக் கொட்டாவி வரும். நீங்கள் பாராட்டி எழுதியதால் கேட்கிறேன், இது சண்டைத் தொடரா, குடும்பக் கதையா?

குடும்பக் கதைதான் அம்மா. துப்பாக்கி நிறைய வரும், ஆனால் முதல் சீசனில் என்னை உட்கார வைத்தது சமையலறை. 2016 ஜனவரியில் யூஎஸ்ஏ நெட்வொர்க்கில் ஆரம்பித்து 3 சீசன், 36 எபிசோடு ஓடியது. வேற்றுக்கிரகவாசிகள் வந்து இறங்கி, லாஸ் ஏஞ்சல்ஸைச் சுற்றி ராட்சத மதில் எழுப்பி, ஊரைத் துண்டு துண்டாக அடைத்துவிட்டார்கள். கார் கிடையாது, எல்லோரும் சைக்கிள். ராத்திரி ஊரடங்கு, தலைக்கு மேலே ட்ரோன்.

வில் போமன் முன்னாள் எஃப்.பி.ஐ. ஆள். பழைய வேலை தெரிந்தால் உயிருக்கு ஆபத்து என்பதால் வேறு பெயரில் மெக்கானிக்காகப் பிழைக்கிறான். அவன் மனைவி கேட்டி. மூன்று பிள்ளைகள், அதில் நடுப்பையன் சார்லி, வேற்றுக்கிரகவாசிகள் வந்து இறங்கிய நாளில் சாண்டா மோனிகா பக்கம் மாட்டிக்கொண்டான். நகர மையத்திலிருந்து சாண்டா மோனிகா 25 கிலோமீட்டர்கூட வராது. சாதாரண நாளில் டிராஃபிக்கைத் திட்டிக்கொண்டே ஒரு மணி நேரத்தில் போய்விட்டு வரலாம். இப்போது நடுவில் மதில். பையன் இருக்கிறானா இல்லையா என்பதே தெரியாது.

கேட்டியின் தங்கை மேடியின் மகனுக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் கள்ளச் சந்தையில்தான். வில் பொய்ச் சொல்லிவிட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் கிளம்புவதும், கேட்டி ஒரு சின்ன மருந்துப் புட்டிக்காக அலைவதும்தான் தொடக்கம். கதையில் யார் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பின்னால் ஒரு பிள்ளை இருக்கும். அதைத்தான் நான் பாராட்டினேன்.

வாசகர், மதுரை: வில் பிடிபட்டதும் எதிரிக்கே வேலை செய்யச் சம்மதிக்கிறான். அவனைக் கதாநாயகன் என்கிறார்கள். எனக்கு அவன் துரோகியாகத்தான் தெரிகிறான். உங்கள் தீர்ப்பு?

தீர்ப்புச் சொல்கிற நாற்காலி எனக்கு வேண்டாம் சார், ஆனாலும் கேட்டுவிட்டீர்கள். பார்க்காதவர்களுக்கு: சார்லியைத் தேடிப் போகிற வழியில், எதிர்ப்பாளர்கள் வைத்த குண்டு வெடித்து வில் மாட்டிக்கொள்கிறான். வேற்றுக்கிரகவாசிகள் சார்பில் ஊரை ஆள்கிற ப்ராக்ஸி கவர்னர் ஸ்னைடர் அவனைக் கூப்பிட்டுச் சிரித்த முகத்தோடு பேரம் பேசுகிறார். எங்களுக்காக எதிர்ப்பாளர்களைப் பிடித்துக் கொடு, உன் பையனைக் கண்டுபிடிக்க உதவுகிறேன். இல்லையென்றால் குடும்பத்தோடு 'ஃபேக்டரி'. அங்கே போனவர் யாரும் திரும்பியதில்லை.

இதைத் தொடரை எழுதியவர்கள் வானத்திலிருந்து பிடிக்கவில்லை. கார்ல்டன் க்யூஸ், ரயன் காண்டல் என்று இரண்டு பேர் இதை உருவாக்கினார்கள். ஜெர்மானியர் பிடியிலிருந்த பாரிஸ்தான் தங்களுக்கு முன்மாதிரி என்று க்யூஸ் சொல்லியிருக்கிறார். 1940 ஜூனில் விழுந்த பாரிஸ் 1944 ஆகஸ்டில்தான் மீண்டது. அந்த நாலு வருஷத்தில் காபிக் கடை திறந்திருந்தது, சினிமா ஓடியது, பக்கத்து மேசையில் ஜெர்மன் அதிகாரி உட்கார்ந்திருந்தான்.

அங்கே நடந்த ஒரு பேரத்தைக் கேளுங்கள், ஸ்னைடரின் பேரம் அப்படியே கண்ணில் தெரியும். 1940 தோல்வியில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சுச் சிப்பாய்களை ஜெர்மனிக்குக் கைதிகளாகக் கொண்டுபோய்விட்டார்கள். 1942 ஜூனில், ஜெர்மானியரோடு ஒத்துப்போன பிரெஞ்சு விஷி அரசின் பிரதமர் லவால் ஒரு திட்டம் அறிவித்தார். தொழில் தெரிந்த 3 பேர் ஜெர்மன் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனால் ஒரு கைதி வீடு திரும்புவான். கணவன் ஜெர்மனியில் கைதியாக இருக்கிற வீட்டில் இது எப்படிக் கேட்டிருக்கும்? எதிரி தெருவில் எல்லோரையும் சுட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை, எந்த வீட்டில் யார் காணவில்லை என்ற பட்டியல் இருந்தால் போதும். அந்தத் திட்டத்தில் போதிய ஆள் சேரவில்லை, அதனால் 1943 பிப்ரவரியில் கட்டாய வேலைச் சட்டமே கொண்டுவந்தார்கள். அப்போது ஓடி ஒளிந்த இளைஞர்களில் பலர் காட்டுக்குப் போய்ப் போராளிகளோடு சேர்ந்தார்கள். வீட்டைக் காட்டி மிரட்டுகிற வித்தை அந்த அளவோடு எதிர்த்திசையில் திரும்பிவிட்டது.

வில் துரோகியா? செய்வது துரோகம்தான், அவன் பிடித்துக் கொடுத்த ஆட்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் ஸ்னைடர் முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நான் மாட்டேன் என்று எழுந்து போயிருப்பேனா என்றால், என் பெண்ணின் முகம் ஞாபகத்துக்கு வந்து வாய் அடைத்துப்போகிறது. இதற்கு மேல் என்னைத் தோண்டாதீர்கள்.

வாசகி, சென்னை: கேட்டி புருஷனுக்குத் தெரியாமல் எதிர்ப்பாளர்களோடு சேர்ந்து உளவு சொல்கிறாள். அதை ஏதோ தியாகம் மாதிரி காட்டுகிறார்களே! எனக்கு எரிச்சலாக வந்தது.

எரிச்சல் வர வேண்டும் என்றுதான் எடுத்திருக்கிறார்கள். ராத்திரி வேலை முடிந்து வருகிறான், களைத்துப் போயிருக்கிறான். இன்றைக்கு என்ன ஆச்சு என்று அவள் கேட்கிறாள். எந்த வீட்டிலும் கேட்கிற கேள்விதான். அவனும் மனைவிதானே என்று அரைகுறையாகச் சொல்கிறான். அவள் 'யாங்க்' என்று ஒரு மதுக்கடை நடத்துகிறாள், அந்த அரைகுறைத் தகவல் அந்த வழியாகப் புரூசார்ட் போன்ற எதிர்ப்பாளர்களிடம் போய்ச் சேர்கிறது. அப்புறம் வில்லின் மேலதிகாரியான ஃபிலிஸ் சாகிறாள். வில் இங்கே யார் கசியவிட்டது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறான்.

எனக்குப் பிடித்தது என்னவென்றால், அவள் கேட்கிற கேள்வியில் அக்கறை எவ்வளவு, உளவு எவ்வளவு என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியாது. கேட்டியாக வரும் சாரா வேய்ன் காலிஸ் அதைக் கண்ணிலேயே செய்துவிடுகிறார். தியாகம் என்று நான் சொல்ல மாட்டேன். கணவனைக் காப்பாற்றவும் பார்க்கிறாள், அவன் பிடிக்கப் போகிறவர்களைக் காப்பாற்றவும் பார்க்கிறாள், இரண்டு பக்கமும் ஆள் செத்துக்கொண்டே இருக்கிறது. முதல் சீசன் முடிவில் வில்லுக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. அந்த இடத்தில் பெரிதாகக் கத்தித் தீர்ப்பார்கள் என்று பயந்தேன், நல்லவேளை.

வாசகர், சேலம்: வேற்றுக்கிரகத் தொடர் என்று சொல்லிவிட்டு வேற்றுக்கிரகவாசியையே காட்ட மாட்டேன் என்கிறார்கள். காசு இல்லையா?

காசும் ஒரு காரணமாக இருக்கும். ஆனால் காட்டாததே நல்லது. ஜனங்களைப் பிடிப்பது, அடிப்பது, ரேஷனை நிறுத்துவது எல்லாம் 'ரெட் ஹேட்' என்கிற சிவப்புத் தொப்பிக்காரர்கள். அவர்கள் மனிதர்கள், போன மாதம்வரை பக்கத்துத் தெருவில் குடியிருந்தவர்கள். கவர்னரும் மனிதர்தான். அதிகாரிகள் வசிக்கிற வசதியான பகுதிக்குப் பச்சை மண்டலம் என்று பெயர், அது 2003-க்குப் பிறகு பாக்தாதில் அமெரிக்கர்கள் வைத்திருந்த பாதுகாப்பு வளாகத்தின் பெயர் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அமெரிக்கத் தொடரில் அமெரிக்கர்கள் அந்தப் பச்சை மண்டலத்துக்கு வெளியே நிற்கிறார்கள், இந்தக் குறும்பு எனக்குப் பிடித்திருந்தது.

இன்னொன்று. ஆக்கிரமித்தவர்களுக்குத் தொடரில் பெயர் 'ஹோஸ்ட்'. நம் வீட்டுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டவன் தன்னை வீட்டுக்காரன் என்று சொல்லிக்கொள்கிறான்.

வாசகர், திருச்சி: நான் 60 வயதைத் தாண்டியவன். 80-களில் வீடியோ கேசட்டில் 'வி' என்று ஒன்று பார்த்தேன். மனிதத் தோலுக்குள் பல்லி! அதற்கு முன்னால் உங்கள் 'காலனி' எல்லாம் ஜுஜுபி.

ஐயா, உங்களோடு சண்டைக்கு வரமாட்டேன். 1983 மே 1, 2 தேதிகளில் என்.பி.சி.யில் இரண்டு பாகமாக வந்த குறுந்தொடர் அது. எலி மாதிரி ஒரு பிராணியை வேற்றுக்கிரகத்தவளான டயானா முழுசாக விழுங்குகிற காட்சியைப் பார்த்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதை உருவாக்கிய கென்னத் ஜான்சன் முதலில் எழுதியது வேறு கதை, அமெரிக்காவுக்குள்ளேயே பாசிசம் வந்தால் என்ன ஆகும் என்று. சின்க்ளேர் லூயிஸ் 1935-இல் எழுதிய நாவல்தான் தூண்டுதல். டிவிக்காரர்கள் அதை அப்படியே எடுத்தால் யார் பார்ப்பார்கள், விண்கலம் வை என்றார்கள். வைத்தார். அதில் அவர்கள் தங்களை 'விசிட்டர்ஸ்', விருந்தாளிகள் என்று சொல்லிக்கொண்டு சிரித்தபடி கை குலுக்கி உள்ளே வருகிறார்கள். 33 வருஷத்தில் விருந்தாளி வீட்டுக்காரனாகிவிட்டான் பாருங்கள்.

பல்லியை எல்லோரும் சொல்வார்கள். நான் பெர்ன்ஸ்டைன் குடும்பத்தைச் சொல்கிறேன். தாத்தா ஆபிரகாம் நாஜி முகாமிலிருந்து பிழைத்து வந்த யூதர். பேரன் டேனியல் வேலைவெட்டி இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவன், விருந்தாளிகளின் இளைஞர் படையில் சேர்கிறான். சீருடை, இடுப்பில் துப்பாக்கி, நடையே மாறிவிடுகிறது. அந்த ஊரில் அப்போது விஞ்ஞானிகளைத்தான் வேட்டையாடுகிறார்கள். பக்கத்து வீட்டு விஞ்ஞானி குடும்பத்தோடு வந்து ஒளிய இடம் கேட்கிறார். டேனியலின் அப்பா ஸ்டான்லி நடுங்குகிறார், மாட்டினால் நாம் எல்லோரும் தொலைந்தோம் என்கிறார். அதுவும் நியாயமான பயம்தான்.

அப்போது தாத்தா மகனிடம் ஒன்றைச் சொல்கிறார். உன் அம்மா ரயில் பெட்டியிலேயே நெஞ்சுவலி வந்து இறந்துபோனாள் என்று இத்தனை வருஷமாக உன்னிடம் சொல்லிவந்தேன். அது பொய். அவளும் என்னோடு முகாம்வரை வந்தாள். அவளுடைய அழகான கறுப்புத் தலைமுடியை மழித்துவிட்டார்கள், குளிரில் ஆடையில்லாமல் நின்றாள், குளிக்கிற இடம் என்று சொல்லி அழைத்துக்கொண்டு போனபோது எனக்குக் கையசைத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு யாராவது ஒளிய ஒரு இடம் கொடுத்திருந்தால்... இவ்வளவுதான் பேச்சு. அந்தக் குடும்பத்துக்கு இடம் கிடைக்கிறது. பிறகு பேரனே காட்டிக் கொடுக்கிறான், பெற்றவர்களையும் தாத்தாவையும் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

பல்லித் தோலை இன்றைக்குப் பார்த்தால் ரப்பர் என்று தெரிகிறது. இந்தக் காட்சிக்கு வயசே ஆகவில்லை.

வாசகி, ஈரோடு: மேடியை ஏன் எல்லோரும் திட்டுகிறார்கள்? அவள் பையனுக்கு மருந்து வேண்டியிருந்தது, அதிகாரத்தில் இருப்பவனோடு போய்விட்டாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை.

எனக்கும் வரவில்லை, கடைசியில் அவள் ருசி கண்ட பூனையாகிவிடுகிற இடம் வரைக்கும். இன்சுலினுக்காகத் தொடங்கியது நல்ல வீடு, நல்ல உடை என்று நீள்கிறதே, எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியாதபடி எழுதியிருக்கிறார்கள். நிஜத்தில் இப்படிப்பட்டவர்களுக்கு என்ன நடந்தது தெரியுமா? பிரான்ஸ் விடுதலையானதும் ஜெர்மானியரோடு பழகினார்கள் என்று சுமார் 20,000 பெண்களைப் பிடித்துத் தலையை மழித்துத் தெருவில் ஊர்வலம் விட்டார்கள். ஜெர்மானியருக்குச் சிமென்டும் இரும்பும் விற்ற ஆம்பளைகளுக்கு அந்த மாதிரி ஊர்வலம் கிடையாது.

வாசகர், நாகர்கோவில்: இவர்கள் ஏன் எப்போதும் அமெரிக்காவிலேயே இறங்குகிறார்கள்? நம் ஊர்ப் பக்கம் வழியே தெரியாதா?

கேமரா எங்கே இருக்கிறதோ அங்கே இறங்குவார்கள். அமெரிக்காவுக்கு முன்னால் லண்டனில்தான் இறங்கிக்கொண்டிருந்தார்கள். 1964-இல் 'டாக்டர் ஹூ' தொடரில் டாலெக்குகள் என்கிற வேற்றுக்கிரகவாசிகள் லண்டனைப் பிடித்துவைத்திருக்கிற கதை வந்தது, வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின் மேல் அவை நகர்ந்துவரும். அதை எழுதிய டெர்ரி நேஷன் 1930-இல் கார்டிஃபில் பிறந்தவர், குண்டுவீச்சுக் காலத்துப் பிள்ளை. அதில் காட்டுக்குள் ஒரு குடிசை வரும், இரண்டு பெண்கள் அடிமைத் தொழிலாளிகளுக்குத் துணி தைத்துக்கொண்டிருப்பார்கள். ராத்திரி அடைக்கலம் கேட்டு வந்தவர்களை உட்காரவைத்துவிட்டு, கொஞ்சம் சாப்பாட்டுக்காகக் காட்டிக் கொடுத்துவிடுவார்கள். குழந்தைகள் பார்க்கிற தொடரில், சனிக்கிழமை சாயங்காலம்!

இன்னும் பின்னால் போனால் ஹெச்.ஜி. வெல்ஸ் 1898-இல் எழுதிய செவ்வாய் கிரகப் படையெடுப்பு நாவல். முதல் அத்தியாயத்திலேயே அவர் டாஸ்மேனிய மக்களை இழுக்கிறார். ஐரோப்பியர்கள் ஐம்பது வருஷத்தில் அவர்களை அழித்தார்களே, செவ்வாய்க்காரன் அதே மனசோடு வந்தால் குறை சொல்ல நாம் யார் என்கிற தொனியில். மற்றவன் வீட்டுக்குள் புகுந்தவர்களுக்குத்தான் நம் வீட்டுக்குள் ஒருவன் புகுந்தால் என்ற கெட்ட கனவு அதிகம் வரும்போலிருக்கிறது. நம் பக்கம் இறங்காததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். நம்மிடம் ஏற்கெனவே ஒருவர் இறங்கி, இருந்துவிட்டுப் போயாகிவிட்டது.

வாசகி, தஞ்சாவூர்: நான் பள்ளி ஆசிரியை. சின்னப் பெண் கிரேஸிக்கு வீட்டுக்கு வந்து பாடம் சொல்லித்தருகிறாளே ஒருத்தி, அவளைப் பார்த்தால்தான் எனக்கு ட்ரோனைவிடப் பயமாக இருந்தது.

லிண்ட்சே. டீச்சர், நீங்கள் சரியான இடத்தில் கை வைத்தீர்கள். அவள் அதட்டுவதில்லை, அடிப்பதில்லை. மென்மையான குரல். 'மாபெரும் நாள்' என்று ஒரு புது மதம், வந்திருப்பவர்களைக் கும்பிடச் சொல்கிற மதம், அதைக் கதையாகச் சொல்லித்தருகிறாள். பெற்றவர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு ரகசியத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிக்கொண்டிருக்கிறார்கள், வீட்டில் உட்கார்ந்து பிள்ளையோடு பேச நேரம் இருக்கிற ஒரே ஆள் அவள்தான். பெண் சாயங்காலம் பிரார்த்தனை மாதிரி ஏதோ சொல்லும்போதுதான் கேட்டிக்கு உறைக்கிறது. அவளை வேலையை விட்டு நிறுத்தலாம் என்றால், வீட்டில் ஒளிக்க ஏதோ இருக்கிறது என்று மேலே தகவல் போய்விடும்.

இந்த ரகத் தொடர்கள் எல்லாமே கடைசியில் பிள்ளைகளிடம்தான் வந்து நிற்கின்றன. 2011-இலிருந்து 2015 வரை டி.என்.டி.யில் 52 எபிசோடு வந்த 'ஃபாலிங் ஸ்கைஸ்' தொடரில் டாம் மேசன் என்று பாஸ்டனில் வரலாறு சொல்லிக்கொடுத்த பேராசிரியர், மனைவியை இழந்தவர், மூன்று பையன்கள். நடுப்பையன் பென்னைப் பிடித்துக்கொண்டுபோய் முதுகெலும்போடு ஒட்டிக்கொள்கிற ஒரு சேணத்தை மாட்டிவிடுகிறார்கள். மீட்டுக் கொண்டுவந்து அறுத்து எடுத்த பிறகும் முதுகில் முள் முள்ளாக மிச்சம் நிற்கும். பையன் திரும்பி வந்துவிட்டான், ஆனால் முழுசாக வந்துவிட்டானா என்று அப்பா ராத்திரி தூங்குகிற பிள்ளையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அதைவிட எனக்குப் பிடித்தது 1984, 85-இல் பிபிசியில் வந்த 'தி ட்ரைபாட்ஸ்'. ஜான் கிறிஸ்டஃபரின் நாவல்கள். அதில் பருவம் வந்த பிள்ளைகளுக்குத் தலையில் உலோகத் தொப்பி பதிக்கிற சடங்கு, அதன்பிறகு எதிர்த்துக் கேட்கிற புத்தியே போய்விடும். அதை ஊரே கூடித் திருவிழாவாகக் கொண்டாடுகிறது. பெற்றவர்கள் பெருமையோடு நிற்கிறார்கள், அவர்கள் தலையிலும் அதே தொப்பிதான். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை டீச்சர். பந்தி வேறு நடக்கிறது.

வாசகர், ஓசூர்: 2020 பொது முடக்கத்தில் இதைப் பார்த்தேன். ஊரடங்கு, பாஸ், போலீஸ் சோதனை எல்லாம் நம் கதை மாதிரியே இருந்தது. உங்களுக்கும் அப்படித் தோன்றியதா?

தோன்றியது. அடுத்த மாவட்டத்துக்குப் போக இ-பாஸ் கேட்ட நாட்கள் அவை. என் மாமனாரைப் பார்க்கப் போக மூன்று முறை விண்ணப்பித்து மூன்று முறையும் நிராகரித்துவிட்டார்கள், நாலாவது முறை கிடைத்தபோது நானும் வில் மாதிரி லாரியில் ஏறி ஒளிந்துகொள்ளலாமா என்று யோசித்த நிலையில் இருந்தேன். ஆனால் ஒப்பீட்டை அதற்கு மேல் இழுக்க மாட்டேன். நம்மைத் தடுத்தது ஒரு கிருமி, பாஸ் கேட்டவரும் முகக்கவசத்துக்குள் அதே பயத்தோடு நின்றார். உண்மையான ஆக்கிரமிப்பில் வாழ்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் முன்னால் நம் இ-பாஸ் கதையைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். ஒன்று மட்டும் கற்றுக்கொண்டேன்: 25 கிலோமீட்டர் என்பது எவ்வளவு தூரம் என்று.

வாசகி, வேலூர்: புதிதாக ஏதாவது இந்த ரகத்தில் உண்டா?

ஆப்பிள் டிவியில் 2021-இலிருந்து 'இன்வேஷன்'. பல நாடுகளில் பல கதை, ரொம்ப மெதுவாக நகரும், பொறுமை வேண்டும். அதில் நியூயார்க் பக்கத்து லாங் ஐலண்டில் குடியேறிய ஒரு குடும்பம் வருகிறது. மருத்துவப் படிப்பை விட்டுவிட்டுக் குடும்பத்தைக் கவனிக்கிற அனீஷாவுக்கு, புருஷனுக்கு வேறொரு தொடர்பு இருப்பது தெரியவந்த அன்றைக்கே வானம் இடிந்து விழுகிறது. இனி உயிர் தப்ப வேண்டுமானால் இந்த மனுஷனோடு ஒரே காரில் போக வேண்டும்! அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, வெளியே நடப்பதைவிட உள்ளே உட்கார்ந்திருப்பவன்தான் பெரிய தொல்லை. கோல்ஷிஃப்தே ஃபராஹானி நடித்திருக்கிறார். அவர் வருகிற பகுதிகளுக்காக மற்றதைச் சகித்துக்கொண்டேன்.

வாசகர், திண்டுக்கல்: 'காலனி'யை மூன்றாம் சீசனோடு அந்தரத்தில் விட்டுவிட்டார்களே! கண்விழித்து 36 எபிசோடு பார்த்தவன் முட்டாளா?

நானும் அதே வரிசையில்தான் நிற்கிறேன். 2018 ஜூலையில் தொடரை நிறுத்துவதாக அறிவித்தார்கள், சில நாளில் கடைசி எபிசோடும் வந்துவிட்டது. வந்திருப்பவர்களே இன்னொரு எதிரியிடமிருந்து தப்பி ஓடிவந்தவர்கள் என்று சொல்லி, அந்த எதிரியும் வந்து வானத்தில் நிற்கிற இடத்தில் திரை விழுகிறது. 'ட்ரைபாட்ஸ்' தொடருக்கும் இதே கதி, மூன்றாவது சீசனை எடுக்கவே இல்லை. இந்த ரகத்துக்கே அப்படியொரு ராசி.

ஆனால் என் வருத்தம் முடிவில்லாதது பற்றியல்ல. மூன்றாம் சீசனில் குடும்பம் லாஸ் ஏஞ்சல்ஸை விட்டு ஓடிவிடுகிறது, காடு, முகாம், அப்புறம் சியாட்டில். படப்பிடிப்பும் கனடாவில் வான்கூவர் பக்கம் போய்விட்டது. அந்தப் பழைய வீடு போனது, மதுக்கடை போனது, அதோடு எனக்குப் பாதிப் பிடிப்பு போனது. மதிலுக்குள் இருந்தபோது ஒரு கதவைத் தட்டும் சத்தமே வயிற்றைக் கலக்கியது, காட்டில் எத்தனை துப்பாக்கி சுட்டும் அது வரவில்லை. முதல் சீசன் முழுக்க யாரைத் தேடி அலைந்தார்களோ அந்தச் சார்லி, மூன்றாம் சீசனில் செத்துப்போகிறான். ஸ்னைடரைத் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள் அல்லவா, அதற்குக் கொடுத்த விலை. அந்த எபிசோடுக்குப் பிறகு அம்மாவும் அப்பாவும் ஒரே அறையில் இருந்துகொண்டு பேசாமல் இருக்கிற காட்சிகள் உண்டு, அவை மட்டும் பழைய 'காலனி'.

முதல் சீசன் 10 எபிசோடுதான். அதைப் பாருங்கள். பிடித்தால் இரண்டாவது. மூன்றாவதை உங்கள் பொறுப்பில் பாருங்கள், பிறகு எனக்குக் கடிதம் போடக்கூடாது.

வாசகி, கடலூர்: என் பையனுக்கு 11 வயது. அவனோடு உட்கார்ந்து எதைப் பார்க்கலாம்?

'ட்ரைபாட்ஸ்' பாருங்கள். படம் பழசாகத் தெரியும், "என்னம்மா இது, கிராஃபிக்ஸே சரியில்லை" என்பான், இரண்டு எபிசோடு பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 'வி' இன்னும் இரண்டு வருஷம் கழித்து, சாப்பாட்டு நேரத்தில் வேண்டவே வேண்டாம்.